மூன்றாம் பகுதி

நாரினிலிருந்து இரவு டாக்சி.
டோலோன் கணவாயில் பனி. சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட இறங்கியபோது
ஓட்டுநருக்கு டார்ச் பிடித்துக்கொண்டே
சொல்லிப் பார்த்தேன்:
தட்ஸ் அன் இன்ட்ரஸ்டிங் கொஸ்டின்.
இட் டிபெண்ட்ஸ்.
"என்னையா திட்டுகிறாய்?" என்றார் அவர்,
சங்கிலியிலிருந்து தலையெடுக்காமல்.

பயிற்சி வகுப்பு நோட்டில்
அந்த மாதிரி இருபத்திரண்டு வரிகள்.
பதில் வாய்க்கு வந்து சேரும்வரை
வாயில் போட்டு அதக்கிக்கொள்ள.

பிஷ்கெக். ஓட்டலின் நாலாம் மாடி.
கல்யாணங்களுக்கு விடும் கூடம்;
ஜன்னல் கம்பியில் யாருடைய திருமணத்திலோ
மிஞ்சிய வெள்ளி ரிப்பன்.
ஹாலம் என்றார், நல்ல மனிதர், கடுமையான ஜலதோஷம்.
ரெக்கார்டரில் சிவப்புப் பொட்டு.
முழுப்பெயர் கேட்டார். சொன்னேன்: குல்காயிர்.
வேலை? செவிலி. நாரின் மருத்துவமனை, இரவு ஷிப்ட்.
குடை உபயோகிப்பதுண்டா?
எங்கள் ஊர்க் காற்றுக்குக் குடை நிற்காது என்றேன்.
சிரித்துத் தும்மினார்.
அதுவரை எல்லாம் சரி.

பிறகு, தாளைப் பார்க்காமலே:
"எப்போது பொய் சொல்லலாம்?"

நோட்டில் சுற்றுச்சூழல் இருந்தது.
சுற்றுலாவின் நன்மை தீமைகள் இருந்தன.
இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை,
கிர்கிஸில்கூட. ரஷ்ய மொழியில்கூட.
கேட்டிருந்தால் அதிலும் இப்படித்தான் விழித்திருப்பேனோ
என்று யோசித்தேன்.
அந்த யோசனையும் ரெக்கார்டரில்
ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

இன்ட்ரஸ்டிங், என்று தொடங்கினேன்.
பாதியிலேயே கசந்தது.
துப்பிவிட்டு,
படுக்கை ஏழு என்றேன்.

படுக்கை ஏழில் தோக்தோசுன்.
டிராக்டர் ஓட்டியவர். நுரையீரல்.
ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்கிறார்:
எர்மெக் போன் செய்தானா?
மகன். யாகூத்ஸ்கில் கட்டட வேலை.
செய்தான் என்கிறேன்.
என்ன சொன்னான்?
அங்கே ரொம்பக் குளிர் என்றான், என்கிறேன்.
பின்னே, வெயிலா அடிக்கும் என்று சிரிக்கிறார்.
தூங்குகிறார்.

பென்சில் எதையோ குறித்தது.
தெரியும். காலப்பிழை.
பதறினால் என் ஆங்கிலத்தில்
நிகழ்காலம் ஒன்றுதான் மிஞ்சும்.
அவர் போர்வையை வெளுக்கப் போட்டு
பத்து மாதம் ஆகிறது.
என் இலக்கணத்தில் மட்டும்
இன்னும் சிரிக்கிறார்.

"உண்மையில் மகன் போன் செய்தானா?"

நோட்டின் பதினான்காம் வரி:
குட் யூ ரிப்பீட் த கொஸ்டின், ப்ளீஸ்?
திருப்பிச் சொன்னார்,
இந்த முறை ஒவ்வொரு சொல்லாக,
காது மந்தமானவளுக்குச் சொல்வதுபோல.
முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.

செய்தான் என்றேன். புதன்கிழமை.
வார்டு போனை நான்தான் எடுத்தேன்.
ஏழில் அப்போது வேறொருவர் படுத்திருந்தார்.
அப்பா என்னைக் கேட்டாரா, என்று கேட்டான்.

வினைச்சொல் எல்லாம் இறந்தகாலத்தில்.
ஒன்றுகூடப் பிசகவில்லை.

நான் சொன்னேன் —

ஹாலம் கடிகாரத்தைப் பார்த்தார்.
நன்றி, பேச்சுத் தேர்வு இத்துடன் முடிந்தது
என்று, சொல்லியாக வேண்டியதைச் சொன்னார்.
சிவப்புப் பொட்டு அணைந்தது.
அணைந்த பிறகும் பென்சிலைக் கீழே வைக்காமல்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கேட்கக்கூடாது, அது விதி.
கேட்கவில்லை.
மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே நாற்காலியில் அடுத்த பையன்,
அப்பாவுடையதுபோல் அகலமான டை.
"அக்கா, கஷ்டமா?"
குடை, என்றேன்.
குடையைப் பற்றித்தான் கேட்பார்கள்.

மாடிப்படி இறங்கும்போதும் கேட்டது,
கதவருகே அவன்
முணுமுணுத்துக்கொண்டிருந்தான்:
அம்ப்ரெல்லா.
அம்ப்ரெல்லா.